சூழ்ச்சியின் திரைக்கதை: திரையில் அறிவாளி வில்லன்கள்

திரைப்பட வில்லன்களில் உடல் பலத்தை நம்புகிறவர்கள் ஒரு வகை, மூளையை நம்புகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையை வெல்வதற்குக் கதாநாயகனுக்கு இன்னும் கொஞ்சம் வலுவான கைகள் இருந்தால் போதும். இரண்டாம் வகை வில்லன் எதிரில் நிற்பதே தெரியாது. அவன் கை ஓங்குவதற்கு முன்பே, அடி விழப்போகும் இடத்துக்கு எதிராளி தானாக நடந்து வந்திருப்பான். மொழியும் நாடும் காலமும் மாறினாலும் நூறாண்டுக்கு மேலாகத் திரையில் நிலைத்து நிற்கும் பாத்திரம் இது.

ஒரு வில்லனை அறிவாளி என்று அறிவித்துவிடுவது எளிது. சதுரங்கப் பலகை, விலை உயர்ந்த உடை, மேல்நாட்டு இசை, நாலு மொழிப் பேச்சு ஆகியவற்றைச் சேர்த்தால் அறிவாளித் தோற்றம் வந்துவிடும். அறிவு அப்படி வராது. எந்த நேரத்தில் யாருக்கு எது தெரியும் என்ற கணக்கில்தான் அது திரையில் புலப்படும். அந்தக் கணக்கில் வில்லன், அவனுடைய எதிராளி, அரங்கில் உட்கார்ந்திருக்கும் பார்வையாளர் என்று மூன்று தரப்பு உண்டு. வில்லனின் திட்டம் பார்வையாளருக்குத் தெரிந்து எதிராளிக்குத் தெரியாமல் இருந்தால் பதற்றம் பிறக்கிறது. இருவருக்குமே தெரியாமல் இருந்து கடைசியில் உடைந்தால் அதிர்ச்சி பிறக்கிறது. எதிராளிக்குத் தெரிந்த ஒன்று வில்லனுக்குத் தெரியாமல் போகும் நொடியில் அவனுடைய வீழ்ச்சி தொடங்குகிறது. இந்த நிலைகளை அடுக்கும் விதமே சூழ்ச்சிக்காரன் கதையின் தொழில்நுட்பம். அதைச் சில முக்கியமான படங்களின் வழியாக ஒழுங்குபடுத்திப் பார்க்கலாம்.

மௌனப் படக் காலமும் அதற்குப் பின்னும்

பிரான்சில் லூயி ஃபொயாட் 1913, 1914ஆம் ஆண்டுகளில் ‘ஃபான்தோமாஸ்’ வரிசையில் ஐந்து படங்களை எடுத்தார். மாறுவேடத்தில் ஊரையே ஏமாற்றும் குற்றவாளி அதன் நாயகன். ஆனால் திட்டமிடும் மூளையை முழுமையாகத் திரைக்குக் கொண்டுவந்தவர் ஜெர்மானிய இயக்குநர் ஃபிரிட்ஸ் லாங். நோர்பர்ட் ஜாக் எழுதிய நாவலை அடிப்படையாகக் கொண்டு 1922இல் அவர் எடுத்த ‘டாக்டர் மபூஸே, சூதாடி’ இரண்டு பாகங்களாக வெளிவந்தது. ருடோல்ஃப் கிளைன்-ரோகே மபூஸேயாக நடித்தார்.

அந்தப் படத்தின் தொடக்கமே ஒரு பாடம். ஓடும் ரயிலில் ஒரு தூதரிடமிருந்து முக்கியமான வணிக ஒப்பந்தம் திருடப்படுகிறது. செய்தி பரவியதும் பங்குச் சந்தையில் விலை சரிகிறது. மபூஸே மலிவாக வாங்கிக் குவிக்கிறான். பிறகு ஒப்பந்தம் சேதமில்லாமல் கிடைத்துவிட்டது என்ற செய்தி வருகிறது. விலை ஏறுகிறது, அவன் விற்றுவிடுகிறான். திருடிய காகிதத்தால் அவனுக்கு ஒரு பயனும் இல்லை. அது சில மணி நேரம் காணாமல் போனது என்ற செய்திதான் அவனுக்குப் பணம். முதல் உலகப் போருக்குப் பின் நாணயத்தின் மதிப்பு நாளுக்கு நாள் கரைந்துகொண்டிருந்த ஜெர்மனியில், பணம் என்பதே வெறும் நம்பிக்கை என்று மக்கள் உணர்ந்த நேரத்தில் இந்த வில்லன் பிறந்தான். சூதாட்ட விடுதி, பங்குச் சந்தை, கள்ள நோட்டு அச்சிடும் அறை, மனோவசியம் என்று அவன் கைவைக்கும் இடமெல்லாம் பிறரின் நம்பிக்கையை வைத்தே இயங்கும் இடங்கள்.

லாங் 1933இல் முடித்த ‘டாக்டர் மபூஸேயின் மரண சாசனம்’ இன்னும் ஒரு படி போகிறது. மபூஸே இப்போது மனநல விடுதியில் இருக்கிறான். பேசுவதில்லை, குற்றத் திட்டங்களை எழுதிக்கொண்டே இருக்கிறான். வெளியே அந்தத் திட்டங்கள் ஒவ்வொன்றாக நடக்கின்றன. குற்றக் கும்பலுக்குக் கட்டளை ஒரு திரைக்குப் பின்னாலிருந்து வருகிறது. திரையை விலக்கிப் பார்த்தால் அங்கே ஆள் இல்லை, ஒலிபெருக்கிதான் இருக்கிறது. மபூஸே இறந்த பிறகும் விடுதியின் தலைமை மருத்துவர் பாம் வழியாகத் திட்டம் தொடர்கிறது. நாஜி அரசு அந்தப் படத்தை ஜெர்மனியில் தடை செய்தது. முகம் காட்டாத ஒரு குரலுக்குக் கூட்டம் கீழ்ப்படிவதைக் காட்டிய படம் அந்த ஆட்சிக்கு உவப்பாக இருந்திருக்காது.

கவர்ச்சியும் அதன் விலையும்

அறிவாளி வில்லன் பார்வையாளரை ஈர்ப்பவன். அந்த ஈர்ப்பை என்ன செய்வது என்ற கேள்விக்கு மிகச் சிறந்த விடை சொன்ன படம் கேரல் ரீட் இயக்கி 1949இல் வெளிவந்த ‘தி தேர்ட் மேன்’. திரைக்கதை கிரகாம் கிரீன். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நான்கு வல்லரசுகள் பங்கு போட்டுக்கொண்ட வியன்னா நகரத்துக்கு ஹாலி மார்ட்டின்ஸ் என்ற எழுத்தாளன் தன் நண்பன் ஹாரி லைமைத் தேடி வருகிறான். நண்பன் விபத்தில் இறந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். உண்மையில் ஹாரி தன் சாவைத் தானே ஜோடித்தவன். ராணுவ மருத்துவமனைகளிலிருந்து திருடிய பெனிசிலினில் கலப்படம் செய்து விற்றவன்.

ஆர்சன் வெல்ஸ் நடித்த ஹாரி, படம் தொடங்கி ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குப் பிறகே முகம் காட்டுகிறான். அதுவரை மற்றவர்கள் அவனைப் பற்றிப் பேசிப் பேசியே அவனை வளர்க்கிறார்கள். பிராட்டர் பூங்காவின் ராட்சத ராட்டினத்தில் உயரே நின்றபடி, கீழே நடமாடும் மனிதர்களை வெறும் புள்ளிகளாகச் சுட்டிக்காட்டி, ஒரு புள்ளி நின்றுபோனால் ஒரு தொகை கிடைக்கும் என்றால் வருந்துவாயா என்று நண்பனிடம் கேட்கிறான். அவனுடைய தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடிப்பது கடினம். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் மனிதர்கள் புள்ளிகள்தான்.

இந்தத் தர்க்கத்துக்குப் படம் வாதத்தால் பதில் சொல்வதில்லை. கலப்பட மருந்தால் பாதிக்கப்பட்ட குழந்தைகள் கிடக்கும் மருத்துவமனைக்கு மார்ட்டின்ஸை அழைத்துப் போகிறார் ராணுவ அதிகாரி காலவே. குழந்தைகளின் முகத்தை கேமரா காட்டாது. கட்டிலைப் பார்க்கும் மார்ட்டின்ஸின் முகத்தை மட்டும் காட்டும். ராட்டினத்தில் கேட்ட பேச்சின் சாமர்த்தியம் அந்த அறையில் தரைமட்டமாகிறது. வில்லனின் அறிவைக் குறைத்துக் காட்டாமலேயே அவனுடைய குற்றத்தின் எடையை உணர்த்த முடியும் என்பதற்கு இந்தக் காட்சி சான்று.

திட்டமே கதையாகும் படங்கள்

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் சூழ்ச்சிக்காரனின் திட்டத்தை மறைக்காமல் பார்வையாளருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவார். ஃபிரெடரிக் நாட் எழுதிய நாடகத்தைக் கொண்டு 1954இல் அவர் எடுத்த ‘டயல் எம் ஃபார் மர்டர்’ இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. முன்னாள் டென்னிஸ் வீரன் டோனி வெண்டிஸாக ரே மில்லண்டும், மனைவி மார்கோவாக கிரேஸ் கெல்லியும் நடித்தார்கள்.

மனைவிக்கு வேறொருவரோடு உறவு இருந்தது டோனிக்குத் தெரியும். அவளுடைய சொத்தும் அவனுக்கு வேண்டும். அவன் தன் கையால் கொல்லப்போவதில்லை. கல்லூரிக் காலத்துப் பழக்கமான ஸ்வானை வீட்டுக்கு வரவழைத்து, அவனுடைய குற்றங்களின் பட்டியலை நிதானமாக எடுத்துச் சொல்லி, ஒரு கடிதத்தில் அவனுடைய விரல்ரேகை பதியும்படியும் செய்துவிட்டு, 1,000 பவுண்டு தருவதாகச் சொல்கிறான். வீட்டுச் சாவி மாடிப்படிக் கம்பளத்துக்கு அடியில் இருக்கும். ஸ்வான் உள்ளே வந்து திரைக்குப் பின்னால் ஒளிந்திருப்பான். குறித்த நேரத்தில் டோனி வெளியிலிருந்து தொலைபேசியில் அழைப்பான். எடுக்க வரும் மார்கோவை ஸ்வான் கழுத்தை நெரித்துக் கொல்ல வேண்டும்.

திட்டம் பிசகுகிறது. டோனியின் கைக்கடிகாரம் நின்றுபோனதால் அழைப்பு தாமதமாகிறது. கழுத்து நெரிபடும் மார்கோ கைக்கு எட்டிய கத்தரிக்கோலால் குத்த, இறப்பவன் ஸ்வான். டோனியின் உண்மையான அறிவு இதற்குப் பிறகுதான் வெளிப்படுகிறது. வீட்டுக்கு வந்த சில நிமிடங்களில் அவன் திட்டத்தைத் தலைகீழாக்குகிறான். மார்கோவின் பழைய காதல் கடிதத்தை ஸ்வானின் சட்டைப்பையில் வைத்து, தன்னை மிரட்டிப் பணம் பறித்தவனை அவளே திட்டமிட்டுக் கொன்றதாகக் காவல்துறை நம்பும்படி செய்கிறான். கொலையாளியைக் கொண்டு செய்ய முடியாததைச் சட்டத்தைக் கொண்டு முடிக்கப் பார்க்கிறான். மார்கோவுக்கு மரண தண்டனை விதிக்கப்படுகிறது.

அவனைப் பிடித்துக் கொடுப்பது ஒரு சாவி. ஸ்வானின் பையிலிருந்து எடுத்த சாவியைத் தன் வீட்டுச் சாவி என்று எண்ணி மார்கோவின் கைப்பையில் போட்டுவிடுகிறான் டோனி. அது ஸ்வானின் சொந்த வீட்டுச் சாவி. கதவைத் திறந்ததும் ஸ்வான் டோனி வீட்டுச் சாவியை மறுபடி கம்பளத்துக்கு அடியிலேயே வைத்துவிட்டிருந்தான். இதைக் கண்டுபிடித்த இன்ஸ்பெக்டர் ஹப்பார்ட் வீட்டுக்குள் காத்திருக்கிறார். கையிலிருக்கும் சாவி கதவில் சேராமல் டோனி திரும்பி நடக்கிறான், யோசிக்கிறான், மறுபடி வருகிறான், கம்பளத்துக்கு அடியிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறக்கிறான். அந்த இடம் தெரிந்தவன் குற்றவாளி ஒருவனே. மார்கோவுக்கு அது தெரியாது என்பதை இன்ஸ்பெக்டர் முன்பே சோதித்து வைத்திருக்கிறார். அவனுடைய அறிவே அவனுக்கு எதிரான சாட்சியாகிறது. சூழ்ச்சிக்காரனை அவனுடைய அறிவாலேயே மாட்டவைக்கும் முடிவுகளில் இதைவிடக் கச்சிதமானது அரிது. இதே கதை 1985இல் சத்யராஜ் நடித்த ‘சாவி’ என்ற தமிழ்ப் படத்துக்கும் அடிப்படையானது.

எதிராளியின் விதிப் புத்தகம்

ஜான் மெக்டியர்னன் இயக்கிய ‘டை ஹார்ட்’ (1988) சண்டைப் படமாகவே பெயர் பெற்றது. ஆனால் அதைத் தாங்கி நிற்பது ஆலன் ரிக்மன் நடித்த ஹான்ஸ் குரூபரின் திட்டம். லாஸ் ஏஞ்சல்ஸில் நாகாடோமி கட்டடத்தைக் கைப்பற்றும் குரூபர் தன்னைப் பயங்கரவாதியாகக் காட்டிக்கொள்கிறான். பல நாட்டுச் சிறைகளில் இருப்பவர்களை விடுவிக்கச் சொல்லிக் கோரிக்கை வைக்கிறான். அந்தப் பெயர்களில் ஒன்றைப் பத்திரிகையில் படித்ததாகத் தன் கூட்டாளியிடம் அவனே சொல்கிறான். அவனுக்கு வேண்டியது பெட்டகத்தில் இருக்கும் 64 கோடி டாலர் மதிப்புள்ள கடன்பத்திரங்கள்.

பெட்டகத்துக்கு ஏழு பூட்டுகள். கடைசிப் பூட்டு மின்காந்தத்தால் இயங்குவது. மின்சாரம் இருக்கும்வரை அதை உடைக்க முடியாது. குரூபர் கவலைப்படுவதில்லை. பயங்கரவாதிகள் கட்டடத்தைப் பிடித்தால் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும் என்பது அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.யின் நடைமுறை. அதிகாரிகள் விதிப்படி மின்சாரத்தைத் துண்டிக்கிறார்கள், பூட்டு திறந்துகொள்கிறது. எதிராளியின் ஒழுங்கையே தன் கருவியாக்குகிறவன் குரூபர். அவனுடைய கணக்கில் சேராத ஒருவன் ஜான் மெக்ளேன். விருந்துக்கு வந்த இடத்தில் மாட்டிக்கொண்ட, கால்களில் செருப்புக்கூட இல்லாத நியூயார்க் போலீஸ்காரன் அவன். எந்த விதிப் புத்தகத்திலும் அவன் இல்லை.

அவனையும் குரூபர் படித்துவிடுகிறான். தப்பி வந்த பணயக் கைதியாக நடித்து மெக்ளேனோடு பேசும்போது அவனுடைய வெறுங்காலைக் கவனித்துக்கொள்கிறான். பிறகு துப்பாக்கிச் சண்டையில் கண்ணாடிகளைச் சுடச் சொல்கிறான். உடைந்த கண்ணாடிமேல் மெக்ளேன் இரத்தம் சிந்தி நடக்க வேண்டியிருக்கிறது. வில்லன் ஒரு சின்ன விஷயத்தைக் கவனித்தான், நினைவில் வைத்தான், தக்க நேரத்தில் பயன்படுத்தினான் என்ற மூன்றும் காட்சிகளாகவே அமைவதால் பார்வையாளர் அவனுடைய அறிவைத் தாமே கண்டுபிடிக்கிறார்.

பேச்சே பொறியாகும்போது

ஜோனதன் டெம்மி இயக்கிய ‘தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்’ (1991) சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, தழுவல் திரைக்கதை என்ற ஐந்து முதன்மை ஆஸ்கர் விருதுகளையும் பெற்றது. ஆந்தனி ஹாப்கின்ஸ் நடித்த ஹன்னிபால் லெக்டர் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் அடைபட்டவன். அவனுக்கு நகர இடமில்லை, ஆயுதம் இல்லை. இருப்பது எதிரில் இருப்பவரைப் படிக்கும் திறன் மட்டுமே. இன்னொரு கொலைகாரனைப் பற்றிய தகவலுக்குப் பண்டமாற்றாக, பயிற்சி அதிகாரி கிளாரிஸ் ஸ்டார்லிங்கிடமிருந்து அவளுடைய இளமைக்கால நினைவுகளைக் கேட்டு வாங்குகிறான். அவனுடைய தப்பித்தலுக்குத் தொடக்கம் மருத்துவர் சில்டன் கவனக்குறைவாகத் தொலைத்த ஒரு பேனா. முடிவு, காயம்பட்ட காவலராக வேடமிட்டுக் காவல்துறையின் கைகளாலேயே ஆம்புலன்ஸில் ஏற்றப்படுவது.

குவென்டின் டாரன்டினோவின் ‘இங்க்லோரியஸ் பாஸ்டர்ட்ஸ்’ (2009) தொடக்கக் காட்சி இதே வகையில் இன்னும் நுட்பமானது. 1941, நாஜிகள் பிடித்த பிரான்ஸ். கிறிஸ்டோஃப் வால்ட்ஸ் நடித்த ஹான்ஸ் லாண்டா என்ற அதிகாரி ஒரு விவசாயியின் வீட்டுக்கு வருகிறான். பால் கேட்டு வாங்கிக் குடிக்கிறான், நல்ல பிரெஞ்சில் மரியாதையாகப் பேசுகிறான். சற்று நேரத்தில், தன் பிரெஞ்சு தீர்ந்துவிட்டதாகச் சொல்லி, ஆங்கிலத்துக்கு மாறிக்கொள்ளலாமா என்று கேட்கிறான். ஆங்கிலப் படத்தின் வசதிக்காக மொழி மாறுகிறது என்றே பார்வையாளர் எண்ணுவார். கேமரா தரைக்குக் கீழே இறங்கும்போது உண்மை தெரிகிறது. பலகைக்கு அடியில் ஒரு யூதக் குடும்பம் மூச்சை அடக்கிக் கிடக்கிறது. தலைக்கு மேலே தங்கள் சாவு பேரம் பேசப்படுவது புரியக் கூடாது என்பதற்காகவே லாண்டா மொழியை மாற்றியிருக்கிறான். திரைப்பட வழக்கத்தின் மீது பார்வையாளருக்கு இருக்கும் பழக்கத்தையே இயக்குநர் மறைப்பாகப் பயன்படுத்தியிருக்கிறார். இந்த வேடத்துக்காக வால்ட்ஸ் கான் விழாவின் சிறந்த நடிகர் விருதையும் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கரையும் பெற்றார்.

வில்லனே கதை சொன்னால்

கதை சொல்கிறவனை நம்புவது பார்வையாளரின் இயல்பு. பிரயன் சிங்கர் இயக்கிய ‘தி யூஷுவல் சஸ்பெக்ட்ஸ்’ (1995) அந்த இயல்பைப் பயன்படுத்துகிறது. கப்பலில் நடந்த படுகொலைக்குப் பின் உயிர் தப்பிய, கால் தாங்கி நடக்கும் எளிய ஆள் ஒருவன் சுங்கத்துறை அதிகாரி குயானுக்கு நடந்ததை விவரிக்கிறான். கைசர் சோசே என்ற யாரும் பார்த்திராத குற்றத் தலைவனின் கதை அது. அவன் வெளியேறிய பிறகுதான் குயான் அறையின் அறிவிப்புப் பலகையை உற்றுப் பார்க்கிறார். கதையில் கேட்ட பெயர்களும் இடங்களும் அந்தப் பலகையிலும் காப்பிக் கோப்பையின் அடியிலும் அச்சாகி இருக்கின்றன. வெளியே தெருவில் அந்த ஆளின் கால் நேராகிறது. எதிராளி கேட்க விரும்பிய கதையை அவன் சொன்னான், அவ்வளவுதான். ஒரு குறிப்பிட்ட ஆளே குற்றவாளி என்று குயான் முன்கூட்டியே முடிவு செய்திருந்தது பொய்க்குப் பாதை போட்டுக் கொடுத்தது.

டேவிட் ஃபின்ச்சரின் ‘கான் கேர்ள்’ (2014) இதே உத்தியை நாட்குறிப்பின் வழியாகச் செய்கிறது. ரோஸமண்ட் பைக் நடித்த ஏமி, கணவன் தன்னைக் கொன்றுவிட்டதாக உலகம் நம்பும்படி நாட்குறிப்பை ஜோடித்துவிட்டு மறைகிறாள். படத்தின் முதல் பாதியில் பார்வையாளர் உண்மை என்று பார்த்த காட்சிகளில் பலவும் அவள் எழுதியவை. கில்லியன் ஃபிளின் தன் நாவலுக்குத் தானே திரைக்கதை எழுதியிருக்கிறார்.

புஷ்கர்-காயத்ரி இயக்கிய ‘விக்ரம் வேதா’ (2017) இந்த மரபை வேதாளக் கதையோடு இணைத்தது. காவல்துறையே தேடிக்கொண்டிருக்கும் வேதா தானாகக் காவல் நிலையத்துக்குள் நடந்து வருகிறான். சிக்கும் ஒவ்வொரு முறையும் காவல் அதிகாரி விக்ரமிடம் ஒரு கதை சொல்லி ஒரு கேள்வியோடு நிறுத்துகிறான். விஜய் சேதுபதியின் வேதா பொய் சொல்லித் தப்பிப்பவன் இல்லை. சரி, தவறு என்று கோடு போட்டு வாழும் அதிகாரியை, தன் சகாக்களே விலைபோயிருப்பதைக் கண்டுபிடிக்கும் இடத்துக்குத் தன் கேள்விகளால் நடத்திச் செல்கிறான். கதை சொல்லி ஏமாற்றும் சூழ்ச்சிக்காரர்களின் நடுவே, கதை சொல்லி உண்மைக்கு அழைத்துப் போகும் ஒருவனை வைத்தது இந்தத் தமிழ்ப் படத்தின் தனிச் சிறப்பு.

தமிழ்த் திரையின் சூழ்ச்சிக்காரர்கள்

தமிழில் சொல்வன்மை மிக்க வில்லனுக்கு வலுவான தொடக்கம் மாடர்ன் தியேட்டர்ஸின் ‘மந்திரி குமாரி’ (1950). ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசியின் கதையிலிருந்து மு. கருணாநிதி இதற்கான கருவை எடுத்து வசனம் எழுதினார். எம்.என். நம்பியார் ராஜகுருவாகவும், அவருடைய மகன் பார்த்திபனாக எஸ்.ஏ. நடராஜனும் நடித்தார்கள். அரசனையே ஆட்டிவைக்கும் தந்தை, அரண்மனையில் பெரிய மனிதனாகவும் வெளியே கொள்ளைக்காரனாகவும் இரட்டை வாழ்க்கை நடத்தும் மகன் என்று இரண்டு சூழ்ச்சிக்காரர்கள். மனைவி அமுதவல்லியை மலை உச்சிக்கு அழைத்துப் போய்த் தள்ளிவிட நினைக்கிறான் பார்த்திபன். சாகும் முன் கணவனை மூன்று முறை வலம்வர அனுமதி கேட்டு, அவனுக்குப் பின்னால் வந்ததும் அவள் அவனைத் தள்ளிவிடுகிறாள். அன்பு நடித்து ஏமாற்றியவன் பக்தி நடிப்பில் ஏமாறுகிறான்.

எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ (1954) பாடல்களே இல்லாமல் வந்தது. சிவாஜி கணேசன் ராஜன் என்ற வானொலிப் பொறியாளர். திறமையை நாடு மதிக்கவில்லை என்ற கசப்பில், இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானுக்கு ரகசியம் விற்பவன். அவன் சுடப்பட்டுச் சாவதிலிருந்தே படம் தொடங்குகிறது. சந்தேகத்துக்கு உரிய ஒவ்வொருவரின் பார்வையிலும் ராஜன் வேறு வேறு மனிதனாகத் தெரிகிறான். நாயக நடிகர் ஒருவர் படித்த துரோகியாக நடித்தது அன்று பெரிய துணிச்சல். படித்தவனின் மனக்கசப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்ற கேள்வியை அந்தப் படம் தீவிரமாகக் கேட்டது.

கோவிந்த் நிஹலானியின் இந்திப் படம் ‘துரோகால்’ கதையை பி.சி. ஸ்ரீராம் 1995இல் ‘குருதிப்புனல்’ என்று தமிழில் எடுத்தார். இதிலும் பாடல்கள் இல்லை. நாசர் நடித்த பத்ரி காவல்துறையின் பிடியில் இருந்தபடியே வெளியே இருப்பவர்களை இயக்குகிறான். எந்த மனிதனுக்கும் உடையும் இடம் ஒன்று உண்டு என்பது அவனுடைய கொள்கை. கமல்ஹாசனின் ஆதி நாராயணனுக்கு அந்த இடம் குடும்பம். விசாரிக்க வந்த அதிகாரி மெல்ல மெல்லக் கைதியின் ஆளாக மாறுவதைப் படம் படிப்படியாகக் காட்டுகிறது. தமிழில் அறிவாளி வில்லனை மிகுந்த முதிர்ச்சியோடு எழுதிய படங்களில் இதற்கு முதல் வரிசையில் இடம் உண்டு.

மோகன் ராஜாவின் ‘தனி ஒருவன்’ (2015) இந்த வகையை வெகுஜன வெற்றியாக்கியது. அரவிந்த் சுவாமி நடித்த சித்தார்த் அபிமன்யு சிறுவனாக இருக்கும்போதே ஒரு கொலைப் பழியைத் தான் ஏற்று, அதற்கு ஈடாகத் தந்தைக்குச் சட்டமன்ற உறுப்பினர் பதவியைப் பேரம் பேசி வாங்கியவன். வளர்ந்து விஞ்ஞானியாகி மருந்து வணிகத்தை ஆள்கிறான். குண்டடி பட்ட காவல் அதிகாரி மித்ரனுக்கு அறுவை சிகிச்சை நடக்கும்போது உடலுக்குள் ஒட்டுக்கேட்கும் கருவியை வைக்க ஏற்பாடு செய்கிறான். மித்ரன் தீட்டும் ஒவ்வொரு திட்டமும் முன்கூட்டியே கசிகிறது. காரணத்தைக் கண்டுபிடித்த பிறகு மித்ரன் அந்தக் கருவியையே வில்லனுக்குப் பொய் சொல்லும் வாயாக மாற்றுகிறான். யாருக்கு எது தெரியும் என்ற தராசு படத்தின் நடுவில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சாய்வது வெளிப்படையாகத் தெரிகிறது. படத்தின் விறுவிறுப்புக்கு முழுக் காரணமும் அதுதான்.

வெங்கட் பிரபுவின் ‘மாநாடு’ (2021) அந்தத் தராசைக் கதையின் கருவாகவே வைத்தது. ஒரே நாளில் மறுபடி மறுபடி சிக்கிக்கொள்ளும் அப்துல் காலிக், முதலமைச்சரைக் கொன்று பழியை ஒரு முஸ்லிம் இளைஞன் மீது போட்டுக் கலவரம் மூட்டும் சதியைத் தடுக்கப் பார்க்கிறான். நாள் திரும்பி வருவது தனக்கு மட்டுமே தெரியும் என்பது அவனுடைய பலம். எஸ்.ஜே. சூர்யாவின் தனுஷ்கோடியும் அதே சுழலுக்குள் வந்துவிடும்போது அந்தப் பலம் போய்விடுகிறது. அதன் பிறகு இருவரும் ஒவ்வொரு நாளும் ஒருவரையொருவர் படித்துத் தேர்கிறார்கள்.

ஜீத்து ஜோசப்பின் மலையாளப் படம் ‘திருஷ்யம்’ (2013), அதன் தமிழ் வடிவமான ‘பாபநாசம்’ (2015) ஆகியவை சூழ்ச்சியை நல்லவன் கையில் கொடுத்தன. கேபிள் டிவி நடத்தும் சுயம்புலிங்கம், நடந்த குற்றத்தை மறைக்கக் குடும்பத்தோடு வெளியூர் போய், பின்னர் அதே சாட்சிகளை மறுபடி சந்தித்து, அவர்கள் மனத்தில் தவறான தேதியைப் பதியவைக்கிறான். சாட்சிகள் பொய் சொல்லவில்லை. உண்மை என்று நம்பியதையே சொல்கிறார்கள். டோனி வெண்டிஸும் சுயம்புலிங்கமும் செய்வது ஒரே வேலைதான். யாரைக் காப்பாற்ற என்பதில் மட்டுமே வேறுபாடு.

வெற்றியும் தோல்வியும்

சூழ்ச்சிக்காரன் ஜெயிக்கும் படங்களும் உண்டு. ஃபின்ச்சரின் ‘செவன்’ (1995) படத்தில் கொலைகாரன் ஜான் டோ தானாகவே சரணடைகிறான். அவனுடைய திட்டத்தின் கடைசிக் கொலைக்குத் தேவைப்படுவது இளம் துப்பறிவாளன் மில்ஸின் கோபம் மட்டுமே. மில்ஸ் அவனைச் சுட்டால் திட்டம் நிறைவேறுகிறது, மில்ஸ் சுடுகிறான். தென்கொரியாவின் பார்க் சான்-வூக் இயக்கிய ‘ஓல்ட்பாய்’ (2003) நாயகனைக் காரணம் சொல்லாமல் 15 ஆண்டுகள் ஓர் அறையில் அடைத்துவைக்கிறது. ஏன் அடைத்தார்கள் என்று அவன் தேடி அலைகிறான். ஏன் விடுவித்தார்கள் என்பதே சரியான கேள்வி என்று வில்லன் சொல்லும்போது எல்லாம் கைமீறிப் போயிருக்கிறது. இரண்டு படங்களிலும் வில்லன் படித்து வைத்திருப்பது எதிராளியின் குணத்தை. அதனால்தான் அந்த வெற்றி பார்வையாளரை நம்பவைக்கிறது.

நம்பிக்கை தளரும் இடமும் உண்டு. கிறிஸ்டோஃபர் நோலனின் ‘தி டார்க் நைட்’ (2008) ஜோக்கர் பிடிபடுவதையே திட்டமாக வைத்திருந்தான். காவலில் இருந்தபடி இரண்டு பேரை இரண்டு இடங்களில் அடைத்து, முகவரிகளை மாற்றிச் சொல்லி, யாரைக் காப்பாற்றுவது என்ற தேர்வையே பொய்யாக்கினான். அந்தக் காட்சி காரண காரியத்தோடு நின்றது. அதன் பிறகு ‘தி அவெஞ்சர்ஸ்’, ‘ஸ்கைஃபால்’ என 2012இல் வந்த பெரிய படங்களிலும் வில்லன்கள் வேண்டுமென்றே பிடிபட்டார்கள். ‘ஸ்கைஃபால்’ வில்லனின் திட்டம் சரியான நொடியில் சுரங்கப்பாதைக்குள் ரயில் ஒன்று வருவதையும் எதிர்பார்த்தது. எல்லாவற்றையும் முன்கூட்டியே அறிந்தவனாக வில்லனைக் காட்டும்போது அவனுடைய அறிவு மறைந்து எழுத்தாளரின் வசதி தெரியத் தொடங்குகிறது. டோனி வெண்டிஸ் பெரியவனாகத் தெரிவது, திட்டம் உடைந்த பிறகு அவன் யோசித்த சில நிமிடங்களால்தான்.

இத்தனை படங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு நல்ல சூழ்ச்சிக்காரன் கதைக்கு மூன்று அடையாளங்கள் கிடைக்கின்றன. வில்லனின் அறிவு செயலில் தெரிய வேண்டும், அதற்கான தடயங்கள் பார்வையாளரின் கண் முன்னே கிடக்க வேண்டும். அவனை வெல்கிறவனும் தன் மூளையால் வெல்ல வேண்டும். குரூபரைப் போன்ற ஒருவனைத் தற்செயல் வீழ்த்தினால் இருவருமே சிறுத்துப்போகிறார்கள். மூன்றாவது அடையாளமே மிக முக்கியமானது. சூழ்ச்சியால் அழிந்தவர்களுக்கும் கதையில் இடம் வேண்டும். வியன்னா மருத்துவமனையும் பிரெஞ்சு விவசாயி வீட்டுத் தரைப்பலகையும் இல்லாவிட்டால் ஹாரி லைமும் லாண்டாவும் வெறும் சாமர்த்தியசாலிகளாக ரசிக்கப்பட்டுப் போயிருப்பார்கள். அறிவையும் நேர்மையையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும் சமூகத்துக்கு, அவை இரண்டும் வேறு என்று காட்டுவது இந்த வகைப் படங்கள் செய்யக்கூடிய பெரிய பணி. திரைக்கதை எழுத வரும் இளைஞர்கள் வில்லனுக்கு மூளை கொடுக்கும்போது, அந்த மூளைக்கு இரையானவர்களுக்கு முகமும் கொடுக்க வேண்டும்.